அனிமே கீறும் பிள்ளைகளுக்காக: வன்னியின் சித்திர ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் சித்திரம் படிப்பிக்கும் ஆசிரியர்களே,

உங்கள் மாணவர்களின் கணக்குக் கொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பினால் என்ன இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. முகத்தில் பாதியை அடைத்துக்கொண்ட கண்கள், முள்முள்ளாக நிமிர்ந்த தலைமயிர், நெற்றியில் தகடு பதித்த பட்டி, வைக்கோல் தொப்பிக்குக் கீழே காதுவரை நீண்ட சிரிப்பு. நருட்டோ, லூஃபி, கோகு என்ற அனிமே நாயகர்கள் நுழையாத வகுப்பறை இன்று வன்னியில் அபூர்வம். அதைக் காணும்போது உங்களில் பலர் சிவப்புப் பேனையால் குறுக்கே ஒரு கோடு இழுக்கிறீர்கள். 'உதென்ன காட்டூன் கீறிக்கொண்டிருக்கிறாய்?' என்று ஏசுகிறீர்கள். பிள்ளை துணிந்து அதைச் சித்திரப் பாடத்துக்கே கொண்டுவந்துவிட்டால் 'இது சித்திரமில்லை' என்று தீர்ப்புச் சொல்கிறீர்கள். கோட்டையும் ஏச்சையும் விட்டுவிடலாம். கணக்குப் பாட நேரத்தில் படம் கீறினால் ஏச்சு விழத்தான் செய்யும். என் முறைப்பாடு அந்தத் தீர்ப்பைப் பற்றியது. அது பிறநாட்டுச் சரக்கு, அது சின்னப்பிள்ளை விளையாட்டு, இல்லாவிட்டால் ஆபாசமும் அடிதடியும், அது வெறும் பார்த்துக்கீறல் என்று நீங்கள் சொல்லும் காரணங்கள் எல்லாம் ஒரே எண்ணத்திலிருந்து முளைக்கின்றன. அனிமே என்பது முகம் கீறும் ஒருவகைப் பாணியின் பெயர் என்பதே அந்த எண்ணம். அந்தச் சொல் பிறந்த நாட்டில் அதற்கு அப்படியொரு பொருள் கிடையாது. ஆகவே சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

ஜப்பானிய எழுத்தில் அது அ, னி, மெ என்று மூன்றே எழுத்து. 'அனிமேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தங்கள் வாய்க்கு ஏற்றபடி எழுதி, பிறகு வாலை வெட்டி எடுத்த சுருக்கம். டெலிவிஷனைத் 'தெரெபி' என்றும், பேர்சனல் கொம்பியூட்டரைப் 'பசொகொன்' என்றும் ஆக்கிக்கொண்டவர்கள் இதையும் அவ்வாறே ஆக்கினார்கள். ஆங்கிலத்துக்கு அந்தச் சொல் லத்தீனிலிருந்து வந்தது. அங்கே 'அனிமா' என்றால் மூச்சு, உயிர். பிரெஞ்சிலிருந்து எடுத்தார்கள் என்றொரு கதையும் உலவுகிறது. பிரெஞ்சில் ஒலியொத்த தொடர் ஒன்று இருப்பதால் எழுந்த ஊகம் அது; ஆங்கிலச் சுருக்கம் என்பதே நேரான விளக்கம். ஆக, ஜப்பானில் இது அசைவூட்டம் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். அங்குள்ள ஒருவருக்கு டிஸ்னியின் படமும் அனிமேதான், டொம் அண்ட் ஜெரியும் அனிமேதான். கடல் தாண்டிய பிறகுதான் அது ஜப்பானுடையதை மட்டும் குறிக்கத் தொடங்கியது. அமெரிக்க ரசிகர்கள் முதலில் 'ஜப்பனிமேஷன்' என்றுகூட ஒரு சொல் வைத்திருந்தார்கள். பிறகு அது வழக்கொழிந்து 'அனிமே' நிலைத்தது. எங்கள் வயல்களில் நடந்தது இதற்கு நேரெதிர். லாண்ட்மாஸ்டர் என்பது ஒரு பிரித்தானியக் கம்பனியின் பெயர்; வன்னியிலோ எந்தக் கம்பனி செய்தாலும் இரண்டு சில்லு உழவு இயந்திரம் லாண்ட்மாஸ்டர்தான். லாண்ட்மாஸ்டரில் தனிப்பெயர் பொதுவானது, அனிமேயில் பொதுப்பெயர் தனியானது. பிழை எவருடையதும் அல்ல. ஆனால் சுருங்கிய பொருளை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையின் கையைத் தடுப்பது பிழை.

இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். ஜப்பானில் இந்தக் கலை அந்தச் சொல்லைவிட மிகவும் மூத்தது. 1917இல் ஷிமொகாவா, கோஉச்சி, கிதயாமா என்ற மூன்று பேர் ஏறத்தாழ ஒரே காலத்தில் அசையும் படங்களைச் செய்து திரையிட்டார்கள். கோஉச்சி செய்த சில நிமிடப் படமொன்று, மொட்டை வாளை வாங்கி ஏமாந்த சாமுராய் ஒருவனைப் பற்றிய பகிடிக்கதை, இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. அவர்கள் காலத்தில் இதைக் 'கோட்டுப்படம்' என்றார்கள். பிறகு 'மங்கா எய்கா', அதாவது சித்திரக்கதைத் திரைப்படம் என்றார்கள். மசஓகா கென்ஸோ என்ற இயக்குநர் 'தோகா', அசையும் படம், என்றொரு சொல்லை உருவாக்கினார். 1956இல் தொடங்கிய பெரிய நிறுவனம் தோஎய் தோகா என்று அதையே பெயரில் வைத்துக்கொண்டது. 1960களில் தொலைக்காட்சிக்கு வந்தபோது பிள்ளைகள் அதைத் 'தெரெபி மங்கா' என்று அழைத்தார்கள். 'அனிமே' ஓங்கியது 1970களின் பிற்பகுதியில், பதின்ம வயது ரசிகர்களின் வாயால். 'அனிமேஜ்' என்ற மாத இதழ் 1978இல் வந்தது அந்த அலையில்தான். தோஎய் தன் ஜப்பானியப் பெயரிலிருந்து 'தோகா'வை எடுத்துவிட்டு 'அனிமேஷன்' என்று மாற்றியது 1998இல். பழைமை வாய்ந்த ஜப்பானியப் பண்பாட்டின் முத்திரை என்று நீங்கள் நினைக்கும் சொல், இளைஞர்கள் இரவல் வாங்கிப் பெரியவர்கள் பிந்தி ஒப்புக்கொண்ட சொல்.

இந்தப் பொருளை ஏற்றுக்கொண்டால் உங்கள் முதல் ஆட்சேபம் தானாகவே நிலை மாறும். 'அனிமே முழுக்க அடிதடி, பிள்ளைகளைக் கெடுக்கும்' என்கிறீர்கள். அனிமே என்பது ஊடகத்தின் பெயர் என்றால் அதற்குள் எல்லாம் இருக்கத்தான் செய்யும். வெட்டுக்குத்து இருக்கிறது, பிள்ளைகள் கண்ணில் படக்கூடாத ஆபாசமும் இருக்கிறது, நான் மறைக்கவில்லை. அதே பெயருக்குள் 'சஸாஎ-சான்' இருக்கிறது. ஹசெகவா மச்சிகோ என்ற பெண் ஓவியர் செய்தித்தாளுக்குக் கீறிய குடும்பக் கதை அது. 1969 ஒக்டோபரில் தொலைக்காட்சியில் தொடங்கி இன்றுவரை ஞாயிறு மாலைகளில் ஓடுகிறது, உலகிலேயே மிக நீண்டகாலம் ஓடும் அசைவூட்டத் தொடர் என்று கின்னஸில் இடம்பெற்றது. அதில் நடப்பதெல்லாம் மாமியார், மாப்பிள்ளை, பிள்ளைகள், மறந்துபோன குடை. 1974இல் வந்த 'ஹைடி' சுவிட்சர்லாந்து மலைக்கிராமத்தில் ஆடு மேய்க்கும் சிறுவனோடு திரியும் ஒரு சிறுமியின் கதை. ஒரு பிள்ளை எதைப் பார்க்கிறது என்று கேளுங்கள், வயதுக்கு ஒவ்வாததென்றால் பெற்றோருக்குச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமையும் கடமையும். ஆனால் சஸாஎ-சானையும் கொலைக்கதையையும் ஒரே பெயரில் கட்டி வகுப்புக்கு வெளியே வீசுவது, 'புத்தகம்' கெட்டது என்று நூலகத்தைப் பூட்டுவதற்கு ஒப்பானது. வன்னியில் நூலகங்களை எத்தனை தரம் திரும்பக் கட்டினோம் என்பதை அறிந்தவர்கள் நீங்கள்.

இரண்டாவது ஆட்சேபம்: இதில் வேலைப்பாடு இல்லை. அசையாத முகம், ஆடும் வாய், ஓடும் பின்புலம், இதுவா கலை என்கிறீர்கள். அந்த அசையாமை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1963 ஜனவரி 1ஆம் திகதி சித்திரக்கதை ஓவியர் தெசுகா ஒசாமுவின் 'தெத்சுவன் அதொமு' என்ற அசைவூட்டத் தொடர் தொலைக்காட்சியில் தொடங்கியது. கிழமைக்கு ஒருமுறை, அரைமணி நேரம். திரைப்படத்தில் ஒரு வினாடிக்கு 24 சட்டகம் ஓடும். டிஸ்னி போன்ற பெரிய கூடத்தில் அதற்கு 12 படம், வேகமான காட்சி என்றால் 24 படமும் கீறுவார்கள். தெசுகாவிடம் அந்த ஆட்களும் இல்லை, பணமும் இல்லை, நாளும் இல்லை. ஒரு படத்தை மூன்று சட்டகத்துக்கு நிறுத்தினால் வினாடிக்கு 8 படம் போதும். உடலை அப்படியே விட்டு வாயை மட்டும் மாற்றலாம். நீளமாக ஒரு காட்சியைக் கீறி அதன் மேல் கமராவை நகர்த்தலாம். பறக்கும் காட்சியைச் சேமித்து வைத்து வேறொரு கதையில் திரும்பப் போடலாம். இவற்றில் சிலவற்றை அமெரிக்கத் தொலைக்காட்சிக்காரர்களும் அப்போது செய்துகொண்டிருந்தார்கள். ஜப்பானியர்கள் அதை ஒரு மொழியாகவே வளர்த்தார்கள். உடல் அசையாத இடத்தில் உணர்ச்சியைக் கண் சுமக்க வேண்டியிருக்கிறது, பேசாமல் நிற்கும் ஒரு நிலைப்படம் பேச்சைவிட அழுத்தமாக விழுகிறது. உங்கள் மாணவன் கீறும் பெரிய கண்ணுக்குள் இந்தச் சிக்கனம் இருக்கிறது. அவனுக்கு அதை எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். இல்லாமையிலிருந்து ஒரு முறையைக் கண்டுபிடிப்பது எங்கள் மண்ணுக்கு அந்நியமான திறமை என்று எவராவது சொன்னால் மல்லாவியிலும் ஒட்டுசுட்டானிலும் உள்ள சைக்கிள் திருத்துபவர்களே சிரிப்பார்கள்.

மூன்றாவதுதான் நீங்கள் அதிகம் சொல்வது: 'எங்கடை இல்லை, பார்த்துக் கீறினது.' இதற்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். தெசுகா கீறிய பெரிய கண்கள் எங்கிருந்து வந்தன? டிஸ்னியிலிருந்தும் பெட்டி பூப்பைச் செய்த பிளைஷர் சகோதரர்களின் படங்களிலிருந்தும். அவர் பார்த்துக் கீறினார், கீறிக்கீறித் தன்னுடையதாக்கினார். (மருத்துவம் படித்துப் பட்டமும் பெற்றவர் அவர். 'படம் கீறுகிற பிள்ளை டொக்டராகாது' என்று உங்களிடம் வந்து நிற்கும் பெற்றோருக்கு இதைச் சொல்லலாம். ஆனால் அவர் பட்டத்தை வைத்துவிட்டு மறுபடி படம் கீறப் போனார் என்பதைச் சொல்லாமல் விடுவது உங்கள் சாமர்த்தியம்.) ஜப்பானின் முதல் வண்ண முழுநீள அசைவூட்டப் படம் 1958இல் வந்த 'ஹகுஜாதென்', அது சீன நாட்டுக் கதை. இதை வைத்து அவர்களை எவரும் திருடர் என்று சொல்லவில்லை. உங்கள் பாடத்திலேயே சிகிரியாவும் அஜந்தாவும் பக்கம் பக்கமாக வருகின்றன. ஒன்றின் கோட்டில் மற்றொன்றின் சாயலை நீங்களே காட்டிக்கொடுக்கிறீர்கள். எங்கள் வீட்டுச் சாமிப்படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ரவிவர்மா ஐரோப்பிய எண்ணெய் வர்ண முறையில் கீறி, 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தில் அச்சிட்ட லக்ஷ்மியும் சரஸ்வதியும்தான் இன்றைய நாட்காட்டிச் சாமிகளுக்குத் தாய். அவற்றுக்கு முன்னால் விளக்கேற்றும்போது ஐரோப்பியப் பாணி என்று எவரும் தயங்குவதில்லை. மறுபக்கத்தையும் பாருங்கள். யூகோ சாகோ என்ற ஜப்பானியர் இராமாயணத்தில் மனம் பறிகொடுத்து, இந்திய அசைவூட்டக் கலைஞர் ராம் மோகனோடு சேர்ந்து அதை முழுநீள அசைவூட்டப் படமாக்கினார். 1992இல் முடிந்த அந்தப் படம் 2025 ஜனவரியில் இந்தியத் திரையரங்குகளில் தமிழிலும் வந்தது. எங்கள் கதை அவர்கள் கைக்குப் போகலாம், அவர்கள் கோடு எங்கள் பிள்ளை கைக்கு வரக்கூடாது என்றால் அது என்ன நியாயம்?

பார்த்துக்கீறல் தொடக்கம் என்பதை ஒப்புக்கொள்கிறேன், அதோடு நின்றுவிட்டால் நட்டம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிற்காமல் தள்ளிவிட ஓர் ஆள் வேண்டும். சிங்களப் பிள்ளைகளுக்கு அப்படி ஒருவர் இருந்தார். 1982இல் ஜப்பானின் உதவியோடு ரூபவாஹினி தொலைக்காட்சி தொடங்கிய பிறகு, இயக்குநர் டைட்டஸ் தொட்டவத்த அமெரிக்கக் காட்டூன்களை எடுத்துச் சிங்களப் பேச்சும் பகிடியும் பாட்டும் போட்டுத் திரும்பப் பிறப்பித்தார். பக்ஸ் பனி 'ஹா ஹா ஹரி ஹாவா' ஆனது. எங்கள் பிள்ளைகளுக்கு வாய்த்தது சென்னைத் தமிழ். 2007இல் சுட்டி டிவி வந்ததிலிருந்து, பிறகு இணையத்தில் வந்த தமிழ் ஒலிச்சேர்ப்பு வரைக்கும், கதாநாயகன் பேசுவது 'வாடா, போடா, செம்ம' என்ற தமிழ். அதில் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை, கேட்டு மகிழ்கிறார்கள். ஆனால் அந்தக் கதாநாயகன் 'இஞ்சை வா' என்று ஒருநாள் பேச வேண்டுமென்றால், பேச வைக்கப் போகிறவர் உங்கள் வகுப்பில் இருக்கிறார்.

நான் கேட்பது பெரிய கூடமோ கணினி அறையோ அல்ல. ஒரு 80 பக்கக் கொப்பியில் 40 தாள் இருக்கிறது. தாளுக்கு ஒரு படம், வினாடிக்கு 8 தாள் என்று புரட்டினால் 5 வினாடிப் படம். இரணைமடுக் குளத்தின் கீழ் வயலில் ஒரு கொக்கு எழும்புவதைக் கீறச் சொல்லுங்கள். கொக்கு நின்ற நிலையிலிருந்து நேரே பறப்பதில்லை. முதலில் கால் மடங்கும், கழுத்து உள்ளே இழுபடும், உடல் கொஞ்சம் தாழும், பிறகுதான் உந்தும். ஆகவே முதல் 8 தாள் அசையாமல் நிற்கட்டும்; அந்த ஒரு வினாடி நிற்காவிட்டால் எழும்புவது கண்ணுக்குப் பிடிபடாது. அடுத்த 4 தாளில் தாழ்வு. 3 தாளில் உந்தல், கால் நீள்வது, இறக்கை விரிவது. மிச்சமுள்ள 25 தாளில், நான்கு படத்துக்கு ஓர் அடி என்று இறக்கை ஆறு தரம் அடிக்கும், நாற்பதாவது தாளில் வெறும் வானம். அந்த நான்கு படத்தையும் ஒருதரம் நன்றாகக் கீறிவிட்டால் மற்ற ஐந்து அடிக்கும் அதையே பார்த்துக் கீறி, கொக்கைக் கொஞ்சம் மேலே, கொஞ்சம் சின்னதாக வைத்தால் போதும். தெசுகா செய்த மிச்சம் பிடித்தல் இதுவேதான். கொப்பியின் கடைசித் தாளில் முதற்படத்தைக் கீறித் தொடங்கினால், கீழ்த்தாளின் கோடு மேல்தாளில் மங்கலாகத் தெரியும். கண்ணாடி மேசையோ விளக்கோ தேவையில்லை. இதைச் செய்கிற பிள்ளை உண்மையான கொக்கைப் பார்க்கப் போகும், ஏனென்றால் நருட்டோவில் இதற்கு விடை இல்லை. அவதானம், அளவு, உடலமைப்பு, ஒழுங்கு என்று நீங்கள் நிலைப்பொருள் வரைதலில் கெஞ்சிக் கெஞ்சிக் கேட்பவை எல்லாம் இதில் கேளாமலே வரும். கொக்கில் கை பழகிய பிறகு முல்லைத்தீவின் கோவலன் கூத்து ஆட்டக்காரனின் ஒரு தாளக்கட்டைக் கொடுங்கள். கால் எங்கே விழுகிறது, உடை எப்போது சுழல்கிறது என்று அண்ணாவியாரிடமே கேட்டுவரட்டும்.

இன்னொரு காரணத்தைத் தயக்கத்தோடுதான் எழுதுகிறேன். 1945 ஏப்ரலில் ஜப்பானியக் கடற்படை அமைச்சின் பணத்தில் ஒரு முழுநீள அசைவூட்டப் படம் வந்தது: மொமொதாரோ என்ற நாட்டார்கதை வீரன் தலைமையில் அழகான முயல்களும் கரடிகளும் போருக்குப் போகும் பிரசாரப் படம். பதினாறு வயதுத் தெசுகா அதைக் குண்டுவீச்சுக்கு உள்ளான ஒசாகாவில் பார்த்தார். போருக்குச் சேவகம் செய்த அந்தக் கலைதான் போரின் கணக்கையும் பிறகு எழுதியது. ஹிரோஷிமாவில் ஆறு வயதில் தகப்பனையும் தமக்கையையும் தம்பியையும் இழந்த நகசாவா கெய்ஜி, 1973இல் 'வெறுங்கால் கென்' என்ற சித்திரக்கதையை வரையத் தொடங்கினார். 1983இல் அது அசைவூட்டப் படமானது. நொசாகா அகியுகி போரில் பட்டினியால் தங்கையைப் பறிகொடுத்தவர்; அதை 1967இல் கதையாக எழுதினார். ஒன்பது வயதில் ஒகயாமா குண்டுவீச்சுக்குத் தப்பிய தகஹாதா இசாஓ அந்தக் கதையை 1988இல் 'மின்மினிகளின் கல்லறை' என்று படமாக்கினார். போர் முடிந்து 43 ஆண்டுக்குப் பிறகு. ஒளிப்படத்தில் காட்டினால் பார்க்க ஏலாமல் முகம் திருப்பும் ஒன்றை, கீறிய படத்தில் கடைசிவரை இருந்து பார்க்க முடிகிறது. அந்தத் தொலைவைக் கோடு தருகிறது. எங்கள் போர் முடிந்த 2009இல் ஆறு வயதாக இருந்தவர்கள் இப்போது இருபதைத் தாண்டிவிட்டார்கள். இன்று உங்கள் முன்னால் இருப்பவர்களில் அநேகர் அதற்குப் பின் பிறந்தவர்கள், அந்த ஆண்டைப் பெற்றோரின் மௌனத்தில்தான் அறிந்தவர்கள். தயவுசெய்து 'யுத்தத்தைக் கீறு' என்று எந்தப் பிள்ளையிடமும் கேட்காதேயுங்கள். அப்படிக் கேட்டு வாங்கிக் கோப்பில் வைத்த படங்கள் போதும். கருவியை மட்டும் கையில் கொடுங்கள். எப்போது, எதற்கு, அல்லது எதற்கும் இல்லாமல் வெறும் பகிடிக்கா என்பதை அவர்களே தங்கள் வயதில் முடிவெடுப்பார்கள்.

இனி உங்கள் நடைமுறைக் கேள்விகள். பாடத்திட்டத்தில் இடமில்லை, சாதாரணதரப் பரீட்சைக்கு இது வராது என்பீர்கள். வராதுதான். பரீட்சைக்கு வருவதை விட்டுவிட்டு இதைச் செய்யுங்கள் என்று கேட்கவில்லை. ஆறாம் தரத்திலிருந்து ஒன்பதாம் தரம் வரை பரீட்சை நெருக்கடி குறைந்த ஆண்டுகள் உங்களிடம் இருக்கின்றன. இதால் வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பார்கள். கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்காதேயுங்கள். ஜப்பானிலேயே இடைப்படம் கீறும் இளைஞர்கள் படத்துக்கு இவ்வளவு என்று மிகக் குறைந்த கூலி பெறுகிறார்கள். தெசுகா தன் தொடரைக் குறைந்த விலைக்கு ஒப்புக்கொண்டதுதான் இதற்கு வழிவிட்டது என்று அசைவூட்டப் பட இயக்குநர் மியசாகி ஹயாஓ வெளிப்படையாகவே குறைகூறினார். வசதியில்லை என்பது மட்டும் இனிப் பழைய பதில். 2025 மார்ச்சில் சிறந்த அசைவூட்டப் படத்துக்கான ஒஸ்காரைப் பெற்ற 'ஃபுளோ', இரண்டு மில்லியன் சனமும் இல்லாத லத்வியாவிலிருந்து வந்தது; அதைச் செய்த பிளெண்டர் என்ற மென்பொருள் எவருக்கும் இலவசம். கொப்பியில் கொக்கைப் பறக்கவிட்ட பிள்ளைக்கு அது ஒருநாள் உதவும். கொப்பியைத் தாண்டாமல் நேரே போனில் தொடங்கியவனுக்கு எந்த மென்பொருளும் கொக்கின் முழங்காலைக் காட்டித்தராது.

பெயரில் சண்டை பிடிக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். தமிழ் ஆர்வமுள்ள உங்களில் சிலர் 'அனிமே' என்ற சொல்லையே கரும்பலகையில் எழுதத் தயங்குகிறீர்கள். கலைக்கு 'அசைவூட்டம்' என்ற நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. கணினிப் பாடத்தில் பிள்ளைகள் அதைப் படிக்கிறார்கள். அதையே சொல்லுங்கள். ஜப்பானிலிருந்து வருவதை 'அனிமே' என்றே விடுங்கள். இரவல் சொல்லை வெட்டித் தங்களுடையதாக்கியவர்களிடமிருந்து அதை நாமும் இரவல் வாங்குகிறோம். 'எனிமே' என்று ஒரு பிள்ளை சொன்னால் திருத்த வேண்டியதில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். ஆறாம் தரத்திலிருந்து ஒன்பதாம் தரம் வரையுள்ள வகுப்புகளில், தவணைக்கு ஒரு பாடவேளையைப் புரட்டுக் கொப்பிக்கு ஒதுக்குங்கள். பிள்ளை விரும்பும் அனிமே முகத்தை அதில் கீற விடுங்கள், ஆனால் அது செய்யும் அசைவு இங்கே கண்ணால் பார்த்ததாக இருக்க வேண்டும் என்ற ஒரு நிபந்தனையைப் போடுங்கள்: வலை இழுப்பது, லாண்ட்மாஸ்டரை ஸ்டார்ட் பண்ணுவது, கிணற்றில் வாளி ஏறுவது. புள்ளி போடும்போது முகத்தின் வடிவுக்குக் குறைத்து, அசைவின் உண்மைக்குக் கூட்டுங்கள். பாடசாலைக் கண்காட்சியிலும், கோட்ட, வலய மட்டங்களில் உங்கள் சொல் எடுபடும் இடங்களிலும், புரட்டுக் கொப்பிகளுக்கென்று ஒரு மேசை கேட்டு வாங்குங்கள். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிற படங்களுக்கு நடுவே இவற்றுக்கு இடம் பிடிப்பது சுலபமில்லை. அதிபருக்கும் அதிகாரிகளுக்கும் இது என்னவென்று விளங்கப்படுத்த வேண்டி வரும். மாட்டி வைக்க ஏலாது, எவராவது கையில் எடுத்துப் புரட்டினால்தான் படம் ஓடும், அதுவும் பின்னிருந்து முன்னாக. ஆகவே மேசைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும். கீறிய பிள்ளையையே நிற்க விடுங்கள். வந்தவர்களுக்கு எப்படிப் புரட்டுவதென்று அது சொல்லிக்கொடுக்கட்டும்.